சமணர் மலைப் புடைப்புச் சிற்பங்கள்: டெக்ஸ்சர், கிளாரிட்டி கூட்டினால் கல் கருகியது போல ஆகிறது. என்ன செய்யலாம்?

மேலூர்_ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். மதுரை அருகே கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளம், செட்டிப்புடவு ஆகிய இரண்டு இடங்களிலும் உள்ள தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களையும், அவற்றின் கீழே வெட்டப்பட்டிருக்கும் வட்டெழுத்துகளையும் (தமிழை எழுதிய பழைய எழுத்து வடிவம்) படமெடுத்து, மாணவர்களைக் கொண்டு பள்ளியிலேயே ஒரு சிறு கண்காட்சி வைப்பதாக இருக்கிறோம். படங்களை 12×18 அங்குல அளவில் அச்சிட எண்ணம். கேமரா 24 மெகாபிக்சல், லென்ஸ் அதனுடன் வந்த 18-55. ரா (கேமரா திருத்தாமல் பதிவு செய்யும் கோப்பு), ஜேபெக் இரண்டு கோப்புகளும் கையில் உள்ளன. இதுவரை ஜேபெக்கில் மட்டுமே வேலை செய்து பார்த்திருக்கிறேன்.

படமெடுத்தபோது வெயில் பாறையின் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்ததால், நேரில் கண்ணுக்குத் தெரிந்த உளி வேலைப்பாடு படத்தில் தட்டையாக இருக்கிறது. அதை மீட்க லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் டெக்ஸ்சர் 70, கிளாரிட்டி 60, டீஹேஸ் 40 என்று வைத்தேன். சிற்பம் எடுப்பாகத் தெரிவதற்குப் பதிலாகப் பாறை முழுவதும் மிளகைப் பொடித்துத் தூவியது போல ஆகிவிட்டது. மலை விளிம்பும் வானமும் சேரும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. எழுத்துகளோ முன்பைவிட மோசம். கல்லின் புள்ளிகளுக்கு நடுவே எது எழுத்து, எது வெறும் கல் என்றே பிரிக்க முடியவில்லை. சோதனைக்காக ஒரு பிரதி அச்சிட்டுப் பார்த்ததில் படம் திரையில் இருந்ததைவிட இருண்டும் இருக்கிறது.

எந்த அளவுகளை வைப்பது, எதை முதலில் செய்வது, இப்போது பலரும் சொல்லும் ஏஐ செயலிகளைக் கொண்டு எழுத்துகளைத் தெளிவாக்கலாமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பள்ளிக் கணினியில் மாணவர்களும் செய்து பார்க்கும்படி காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத மென்பொருள் ஏதாவது உண்டா என்பதும் தெரிந்தால் நல்லது.


பசுமலை_கேமரா:

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். அந்த மூன்று ஸ்லைடர்களும் ஒரே வேலையைச் செய்வன போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் படத்தில் வெவ்வேறு பருமனுள்ள விவரத்தைப் பிடித்து இழுக்கிறது. ஷார்ப்பனிங் என்பது ஒன்றிரண்டு பிக்சல் அகலமுள்ள மிக நுண்ணிய விளிம்புகளைத் தொடுவது. டெக்ஸ்சர் அதற்கு அடுத்த படியில், சில பிக்சல்கள் அகலமுள்ள நடுத்தர விவரங்களைத் தொடுகிறது. கிளாரிட்டி இன்னும் அகலமான பகுதிகளில், அந்தந்த இடத்து இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டுகிறது. டீஹேஸ் படத்தில் படிந்திருக்கும் வெண்புகையை நீக்குவதற்கானது. பக்கத்தில் நின்று எடுத்த பாறைச் சிற்பத்துக்கு அது தேவையே இல்லை, நிறத்தைத்தான் அடர்த்தியாக்கும். லைட்ரூமில் கிளாரிட்டி 2007 முதலே இருக்கிறது. டெக்ஸ்சர் 2019 மே மாதம்தான் வந்தது, அதுவும் முகத்தோலை மென்மையாக்குவதற்கான கருவியாக முதலில் யோசிக்கப்பட்டது. அதனால்தான் அதை எதிர்த்திசையில், அதாவது கழித்தல் பக்கம் நகர்த்தினாலும் படம் கெடாமல் வேலை செய்கிறது. உங்கள் கல்வெட்டுப் படங்களுக்கு அந்தக் கழித்தல் பக்கம்தான் வேண்டியது என்று நான் நினைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கேமரா தரும் படம் 6000×4000 பிக்சல். கல்வெட்டை எடுத்தபோது சட்டகத்துக்குள் ஒன்றரை மீட்டர் அகலப் பாறை அடங்கியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். 1500 மில்லிமீட்டருக்கு 6000 பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 4 பிக்சல் வருகிறது. நம் மலைகளின் பாறையில் வெள்ளையும் கறுப்புமாக மின்னும் மணிகள் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் படத்தில் அவை 8 பிக்சல். உளியால் வெட்டிய எழுத்தின் கோடு ஆறு மில்லிமீட்டர் அகலம் இருந்தால் படத்தில் 24 பிக்சல். டெக்ஸ்சரை 70க்கு ஏற்றும்போது அது அந்த 8 பிக்சல் மணிகளைத்தான் பிடித்து உயர்த்துகிறது. வெள்ளை மணிக்கும் கறுப்பு மணிக்கும் இயல்பாகவே நிற வேறுபாடு அதிகம். ஆழமில்லாமல் வெட்டிய, தேய்ந்துபோன எழுத்துக்கோ லேசான நிழல் மட்டுமே உண்டு. மணிகள் எழுத்தை மூழ்கடித்துவிடுவது அதனால்தான். நீங்கள் மிளகுத்தூள் என்று சொன்னது இந்த மணிகளைத்தான்.

ஆகவே, நெருங்கி எடுத்த கல்வெட்டுப் படங்களுக்கு டெக்ஸ்சரை -10 முதல் -20 வரை இறக்குங்கள். கிளாரிட்டியை 25 அளவில் வையுங்கள். ஷார்ப்பனிங்கில் அமவுண்ட் 40, ரேடியஸ் 1.0 என்று ரா கோப்புக்கு லைட்ரூம் தானாகவே வைக்கும் அளவு போதும். டீட்டெயிலை மட்டும் 25 இலிருந்து 10 அல்லது 15க்குக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதை ஏற்ற ஏற்ற நுண்புள்ளிகள்தான் முதலில் எழுந்து நிற்கும். மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே நகர்த்தினால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். வெள்ளையாக இருக்கும் இடத்தில் மட்டுமே கூர்மை ஏறும், கறுப்பு இடம் தொடப்படாது. பாறை மணிகள் பெரும்பாலும் கறுப்பாகி, சிற்பத்தின் வெளிக்கோடும் எழுத்தின் கரையும் வெள்ளையாக எஞ்சும் வரை நகர்த்துங்கள். அது 60க்கும் 80க்கும் நடுவில் எங்காவது அமையும்.

போட்டோஷாப் இருந்தால் இதைவிட நேரடியான வழி ஒன்று உண்டு. அன்ஷார்ப் மாஸ்க்கில் வழக்கமாக எல்லோரும் ரேடியஸை ஒன்று, அமவுண்ட்டை நூறு என்று வைப்பார்கள். அதைத் தலைகீழாக்கி ரேடியஸ் 25, அமவுண்ட் 15 அல்லது 20 விழுக்காடு, திரெஷோல்ட் 0 என்று வையுங்கள். எழுத்துக் கோட்டின் அகலத்துக்கு நெருக்கமான ரேடியஸ் என்பதால் கோட்டின் பள்ளம் சற்று இருண்டு, கரை சற்று வெளுத்து, எழுத்து கல்லிலிருந்து பிரிந்து நிற்கும். மணிகள் பெரிதாக எழாது. இது கணினியோடு பிறந்த உத்தி அன்று. பிலிம் காலத்து இருட்டறையில், நெகட்டிவிலிருந்து மங்கலான ஒரு பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒன்றாக வைத்து அச்சிடும் முறையிலிருந்து வந்தது. அன்ஷார்ப் என்ற பெயரும் அந்த மங்கலான பிரதியைக் குறித்ததே.

தூரத்திலிருந்து பேச்சிப்பள்ளத்துச் சிற்ப வரிசை முழுவதையும் எடுத்த படத்துக்குக் கணக்கே வேறு. ஆறு மீட்டர் அகலம் சட்டகத்துக்குள் வந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சல்தான். மணிகள் ஒன்றிரண்டு பிக்சலாகச் சுருங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், சிற்பத்தின் தலைக்கு மேல் உள்ள முக்குடையின் அடுக்குகளும் தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதரின் தலைமேல் விரியும் பாம்புப் படமும் டெக்ஸ்சர் தொடும் பருமனுக்கு வந்துவிடும். அந்தப் படத்துக்கு டெக்ஸ்சர் +20, +25 தாராளமாக வைக்கலாம். ஒரு படத்தில் அமைந்த அளவை எல்லாப் படங்களுக்கும் நகலெடுத்து ஒட்டுவது பலரிடமும் உள்ள பழக்கம். கல்யாண ஆல்பத்துக்குச் சரி, இதற்குச் சரிவராது.

வெள்ளைக் கோடு கிளாரிட்டியின் வேலை. வானம் வரும் படங்களில் கிளாரிட்டியை முழுப் படத்துக்கும் கொடுக்காமல், பிரஷ் மாஸ்க் எடுத்துச் சிற்பத்தின் மேல் மட்டும் தீட்டி, விளிம்புக்குச் சற்று உள்ளேயே நிறுத்திக்கொண்டால் அது வராது. ஜேபெக்கை விட்டு ரா கோப்புக்கு மாறுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என நினைக்கிறேன்; கேமரா ஜேபெக்கை உருவாக்கும்போதே ஒரு முறை கூர்மையாக்கி, நுண்விவரத்தைச் சுருக்கி, எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து வைத்துவிடுகிறது. அதன்மேல் கிளாரிட்டியை ஏற்றினால் அந்தக் கட்டங்களும் சேர்ந்து எழும்.


திறமூலப்_பிரியன்:

கட்டணமில்லா மென்பொருள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரா கோப்புக்கு டார்க்டேபிள், ரா தெரபி, அதற்குப் பிந்தைய வேலைக்கு கிம்ப் ஆகியவை போதும். மூன்றும் விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும்.

மேலே பசுமலை அண்ணன் சொன்ன பருமன் கணக்கை மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட கிம்ப்பில் உள்ள வேவ்லெட் டீகம்போஸைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 2018இல் வந்த 2.10 பதிப்பு முதல் அது உள்ளேயே இருக்கிறது. ஒரு படத்தைக் கொடுத்தால், மிக நுண்ணிய விவரம் ஓர் அடுக்கிலும், அதைவிடப் பெரியது அடுத்த அடுக்கிலும், அதற்கும் பெரியது அதற்கடுத்த அடுக்கிலுமாகப் பிரித்து, எஞ்சிய மங்கலான வடிவத்தை அடியில் வைத்துவிடும். ஒவ்வோர் அடுக்கின் கண் அடையாளத்தையும் மாறி மாறிச் சொடுக்கிப் பார்த்தால் கல்லின் மணி எந்த அடுக்கில் இருக்கிறது, எழுத்து எந்த அடுக்கில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மணி இருக்கும் அடுக்கின் ஒளிபுகாத் தன்மையைப் பாதியாகக் குறையுங்கள். எழுத்து இருக்கும் அடுக்கை இன்னொரு பிரதி எடுத்து மேலே வையுங்கள். வேலை முடிந்தது.

டார்க்டேபிளில் இதே வேலையை கான்ட்ராஸ்ட் ஈக்குவலைசர் ஒரு வளைகோட்டின் மூலம் செய்கிறது. கோட்டின் ஒரு முனை பருமனான விவரம், மறுமுனை நுண்ணிய விவரம். ரா தெரபியில் கான்ட்ராஸ்ட் பை டீட்டெயில் லெவல்ஸ் என்ற பெயரில் தனித்தனி ஸ்லைடர்களாக உள்ளது. லென்ஸின் லேசான மங்கலைச் சரிசெய்ய ரா தெரபியின் 5.8 பதிப்பில் வந்த கேப்சர் ஷார்ப்பனிங்கையும் இயக்கிப் பாருங்கள். உங்களுடையது போன்ற லென்ஸ்களுக்கு நன்றாகவே உதவுகிறது. பள்ளிக் கணினியில் ரேம் குறைவாக இருந்தால் டார்க்டேபிள் மெதுவாகத்தான் ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


ஆனையூர்_ஸ்டுடியோ:

இவ்வளவு சிரமம் எதற்கு? இப்போது வரும் ஏஐ செயலிகளில் படத்தைப் போட்டால், மங்கலாக இருக்கும் முகமே கண் இமை தெரியும் அளவுக்குத் தெளிவாகிவிடுகிறது. பழைய குடும்பப் படங்களை நான் அப்படித்தான் செய்து கொடுக்கிறேன்; வாடிக்கையாளர்கள் மகிழ்ச்சியாக வாங்கிச் செல்கிறார்கள். கல்வெட்டையும் அப்படியே செய்யலாமே?


கல்வெட்டு_மாணவன்:

ஆனையூர் அண்ணனின் கருத்தை இந்த ஒரு விஷயத்தில் ஏற்க இயலவில்லை. குடும்பப் படத்தில் செயலி ஒரு கண் இமையைப் புதிதாக வரைந்தால் அதனால் யாருக்கும் நட்டமில்லை. கல்வெட்டில் அது ஒரு கோட்டை வரைந்தால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியவர் எழுதாததை எழுதியதாக ஆகிவிடும். இச்செயலிகள் மங்கலான பகுதியில் என்ன இருந்தது என்பதைக் கண்டுபிடிப்பதில்லை. தாம் பயின்ற லட்சக்கணக்கான படங்களில் இத்தகைய இடத்தில் வழக்கமாக என்ன இருந்ததோ அதைக் கொண்டு நிரப்புகின்றன. அந்தப் படங்களில் வட்டெழுத்து எத்தனை இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். வட்டெழுத்தில் சில எழுத்துகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய வடிவம் கொண்டவை. வளைவின் முனை சற்று நீண்டால் ஒன்று, குறுகினால் மற்றொன்று. சமணர் மலைச் சிற்பங்களின் கீழ் இருப்பவை பெரும்பாலும் அந்தத் திருமேனியைச் செய்வித்தவர் யார் என்று சொல்லும் வரிகள். குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியைச் சேர்ந்த துறவியரின் பெயர்களும் அவற்றில் வருகின்றன. அந்தப் பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார். ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) அதிகமான படங்களில் இரைச்சலை, அதாவது தேவையற்ற நுண்புள்ளிகளை, நீக்குவதற்காக லைட்ரூமில் 2023இல் வந்த டீநாய்ஸ் போன்றவற்றைக்கூடச் சிற்பப் படங்களோடு நிறுத்திக்கொண்டு, எழுத்துப் படங்களுக்குத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

டீச்சர் அவர்களுக்குச் சொல்ல விரும்புவது வேறொன்று. இந்தப் படங்களில் குறைந்திருப்பது டெக்ஸ்சர் அன்று, நிழல். வெயில் நேர்முகமாக அடிக்கும்போது பள்ளமும் மேடும் ஒரே அளவு ஒளியைப் பெறுகின்றன. அங்கே இல்லாத நிழலை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது. மேலும், மென்பொருளுக்கு உளிக்கோடும் ஒன்றுதான், மழைநீர் வழிந்த கறுப்புத் தாரையும் ஒன்றுதான், பாறையில் படர்ந்த மஞ்சள் பாசியும் ஒன்றுதான். மூன்றும் அதற்கு இருளும் ஒளியும் மட்டுமே. உளிக்கோட்டை மட்டும் பிரித்துக் காட்டக்கூடியது பக்கவாட்டிலிருந்து பாறையை உரசிக்கொண்டு வரும் வெளிச்சம் ஒன்றே. கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி, மை தட்டி மைப்படி எடுப்பவர்கள் நிறத்தை ஒதுக்கிப் பள்ளத்தை மட்டும் பெறுவது போல, நாம் வெளிச்சத்தால் பெற வேண்டியிருக்கிறது.

சூரியனையே பயன்படுத்துவதானால், எந்தத் திசையிலிருந்து ஒளி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப் பொழுதில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். செங்குத்தான பாறை முகத்தில் அப்போது ஒளி மேலிருந்து உரசி இறங்கும். எல்லோரும் தவிர்க்கச் சொல்லும் உச்சி வெயில் இங்கே பயன்படுகிறது. ஆனால் மேலிருந்து வரும் ஒளி கிடைக்கோடுகளுக்குத்தான் நிழல் தரும். மேலிருந்து கீழாக இறங்கும் கோடுகள் அதில் காணாமல் போகும். அவற்றுக்கு இடமிருந்தோ வலமிருந்தோ ஒளி வேண்டும். ஆகவே ஒரே கல்வெட்டை இரண்டு வேளையில், இரண்டு திசை ஒளியில் எடுப்பது அவசியம்.

வெயில் நேரத்துக்குக் காத்திருக்க முடியாவிட்டால், சிற்பம் நிழலில் இருக்கும் வேளையில், கேமராவிலிருந்து பிரித்த ஒரு ஃபிளாஷை ஒரு மாணவரிடம் கொடுத்து, பாறையோடு ஒட்டினாற்போல் ஒரு பக்கமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8 அல்லது 11, வேகம் 1/200 என்ற அளவில் தொடங்கலாம். எஃப் 22 வரை போக வேண்டாம். துளை மிகச் சிறிதானால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படமே மென்மையாகிவிடும். பாறைக்கும் ஃபிளாஷுக்கும் இடையே உள்ள கோணம் குறையக் குறைய நிழல் நீளும். செட்டிப்புடவின் குகை வளைவுக்குள் உள்ள சிற்பங்களுக்கு இதுவே எளிய வழி. கேமராவைப் பாறைக்கு இணையாகப் பிடித்தால்தான் சட்டகத்தின் நான்கு மூலையும் ஒரே அளவு ஃபோகஸில் இருக்கும்.

முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்தி, எட்டுப் பத்துத் திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த படங்களை ஒன்றிணைத்து மேற்பரப்பைக் கணக்கிடும் முறையும் உண்டு. 2001இல் எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. இன்று ஆர்டிஐ (ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங்) என்ற பெயரில் கல்வெட்டு ஆய்வாளர்களும் காசு ஆய்வாளர்களும் பயன்படுத்துகிறார்கள். சட்டகத்தின் ஓரத்தில் பளபளப்பான கறுப்புக் கோலிக்குண்டு ஒன்றை வைத்தால், அதில் தெரியும் ஒளிப்புள்ளியைக் கொண்டு வெளிச்சம் வந்த திசையை மென்பொருளே கணித்துக்கொள்ளும். மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால், முக்காலி வைப்பதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணக்கட்டியால் கோட்டின்மேல் வரைவது, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது ஆகியவற்றை மாணவர்கள் செய்யாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.


பசுமலை_கேமரா:

பாசி என்று தம்பி குறிப்பிட்டதால் ஒரு சிறு செய்தி. படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டு, லைட்ரூமின் பிளாக் அண்ட் ஒயிட் பகுதியில் மஞ்சள், ஆரஞ்சு ஸ்லைடர்களை மட்டும் மெல்ல நகர்த்திப் பாருங்கள். பாசியின் மஞ்சள், பக்கத்துப் பாறையின் சாம்பல் நிறத்தோடு ஒத்துப்போகும் ஓர் இடம் வரும். அந்த இடத்தில் பாசித் திட்டு கிட்டத்தட்ட மறைந்து, அதன் அடியில் உள்ள உளிக்கோடு மட்டும் எஞ்சும். ஸ்லைடரை அளவுக்கு மீறித் தள்ளினால் அதே இடத்தில் புள்ளிகள் எழும், பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு நீர்த்தாரைக்கு நிறம் இல்லாததால் இந்த வழி அதற்கு உதவாது.


மாசிவீதி_லேப்:

டீச்சர், அச்சு பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். இருபத்துநான்கு மெகாபிக்சல் படம் 12×18 அங்குலத்துக்கு வரும்போது ஓர் அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கிறது. எங்களுக்கு 300 போதும். ஆகவே படத்தைப் பெரிதாக்கும் வேலை எதையும் செய்து கெடுக்க வேண்டாம். திரையில் நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒவ்வொரு பிக்சலும் தெரியும். அச்சில் அந்த அளவு நெருக்கம் கண்ணுக்கு எட்டாது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இது போதாது என்று கூர்மையை ஏற்றிக்கொண்டே போவதும், படம் முழுவதையும் சிறிதாக்கிப் பார்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்று ஏற்றுவதும், கடைக்கு வரும் கோப்புகளில் நாங்கள் அன்றாடம் காண்பவை. ஐம்பது விழுக்காட்டில் வைத்துப் பார்ப்பது அச்சுக்கு ஓரளவு நெருக்கமாக இருக்கும்.

மேட் தாளில் கூர்மை சற்று அமுங்கும், பளபளப்புத் தாளில் அப்படியே நிற்கும். லைட்ரூமில் ஏற்றுமதி செய்யும்போது அவுட்புட் ஷார்ப்பனிங் என்ற இடத்தில் தாளின் வகையைத் தேர்ந்தெடுத்து ஸ்டாண்டர்ட் என்று வைத்தால் அந்த இழப்பு ஈடாகிவிடும். பள்ளிச் சுவரில் சன்னல் வெளிச்சம் எதிரொளிக்கும் என்பதால் நான் மேட் அல்லது லஸ்டர் தாளைத்தான் சொல்வேன். கடைகளில் இயந்திரம் தானாகவே நிறத்தையும் கூர்மையையும் திருத்தும் வசதி பெரும்பாலும் இயக்கத்தில் இருக்கும். நீங்கள் ஒரு முறை கூர்மையாக்கி, இயந்திரமும் ஒரு முறை கூர்மையாக்கினால் கல் கருகத்தான் செய்யும். எங்கே அச்சிட்டாலும், திருத்தம் எதுவும் வேண்டாம், கோப்பு இருக்கிறபடி அச்சிடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அச்சு இருண்டு வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் திரையின் வெளிச்சம்தான். மடிக்கணினித் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் படம் இருக்க வேண்டியதைவிட வெளிச்சமாகத் தோன்றும். திரையைப் பாதி அளவுக்குக் குறைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டின் வெண்மையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். நிறவெளி எஸ்ஆர்ஜிபி ஆக இருக்கட்டும். கோப்பை வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், நீங்கள் மெனக்கெட்டுக் கொண்டுவந்த உளிக்கோடெல்லாம் வழியிலேயே போய்விடும்.

வாசலில் பிளெக்ஸ் வைப்பதானால் அதற்குத் தனிக் கோப்பு வேண்டும். பத்தடி தள்ளி நின்று பார்ப்பதற்கு அங்குலத்துக்கு 72 முதல் 100 பிக்சல் இருந்தாலே போதும், கூர்மையைச் சற்றுத் தூக்கலாகவே வைக்கலாம். நம் ஊரில் பிளெக்ஸ் பார்த்துப் பழகிய கண்களுக்கு முகம் மெழுகு போலவும் நகை மட்டும் மின்னலாகவும் இருந்தால்தான் பிடிக்கிறது. பிளெக்ஸ் வடிவமைக்கும் தம்பியிடம் கொடுத்தால் தீர்த்தங்கரரின் முகத்தையும் அப்படி வழவழப்பாக்கிவிடுவார், முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.


ஆனையூர்_ஸ்டுடியோ:

எழுத்தைப் பற்றித் தம்பி சொன்னது நியாயம்தான். வாடிக்கையாளரின் தாத்தா முகத்தில்கூட மருவை அழித்துவிட்டு ஏச்சு வாங்கியவர்கள் உண்டு. ஆனால் சிற்ப வரிசையின் தொலைவுப் படத்துக்கு, அதுவும் பிளெக்ஸுக்கு, ஏஐ கொண்டு பெரிதாக்குவதில் தவறில்லை என்ற கருத்தில் மாற்றமில்லை.


மேலூர்_ஆசிரியை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ரா கோப்பிலிருந்து மறுபடி தொடங்கி, பசுமலை ஐயா சொன்னபடி நெருக்கப் படங்களில் டெக்ஸ்சரை -15 ஆக்கி, கிளாரிட்டியைப் பிரஷ்ஷால் சிற்பத்துக்கு மட்டும் கொடுத்தேன். அமர்ந்த நிலையில் உள்ள தீர்த்தங்கரரின் நீண்ட காது மடலுக்கும் தோளுக்கும் நடுவே உள்ள இடைவெளி இப்போதுதான் படத்தில் பள்ளமாகத் தெரிகிறது. முன்பு அங்கே வெறும் புள்ளிகள் இருந்தன. ஆரஞ்சு ஸ்லைடரை நகர்த்தியதில் பார்சுவநாதரின் பாதத்துப் பாசி அடங்கிவிட்டது. கிம்ப்பில் அடுக்குகளைப் பிரித்துக் காட்டியபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, எழுத்து நான்காவது அடுக்கில் இருக்கிறது என்று எனக்கு முன்பே கண்டுபிடித்துச் சொன்னாள்.

கல்வெட்டுகளைப் பொறுத்தவரை, இருக்கும் படங்களில் இதற்குமேல் எதுவும் எழாது என்பது விளங்குகிறது. உரசும் ஒளியில் மறுபடி எடுக்க வேண்டும். பக்கத்து ஸ்டுடியோவில் ஃபிளாஷ் இரவல் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஓர் ஐயம். ஒரே கல்வெட்டை இடமிருந்தும் வலமிருந்தும் ஒளி பாய்ச்சி எடுத்தால், கண்காட்சியில் இரண்டையும் தனித்தனியாக வைப்பதா, ஒன்றாகக் கலந்து ஒரே படமாக வைப்பதா? திருத்தப்பட்ட படம் என்பதைக் குறிப்பில் எழுத வேண்டுமா?


கல்வெட்டு_மாணவன்:

தனித்தனியாக, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள் டீச்சர். கலந்த படத்தில் இரண்டு பக்க நிழலும் சேர்ந்து, பள்ளமாக வெட்டிய எழுத்து மேடு போலத் தோன்றும் ஆபத்து உண்டு. இடப்பக்கம் மேலிருந்து ஒளி வந்தால் நம் கண் பள்ளத்தைப் பள்ளமாகவே படிக்கும். கீழிருந்து வந்தால் பலருக்கும் தலைகீழாகத் தெரியும். ஆகவே முதன்மைப் படத்துக்கு இடப்பக்க மேல் ஒளியையே தேர்ந்தெடுங்கள். ஒரே அளவில், ஒரே இடத்தில் நின்று எடுத்திருந்தால் மாணவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத் தாமே வரியைப் படிக்க முயல்வார்கள்.

குறிப்பு கட்டாயம் எழுதுங்கள். இடத்தின் பெயர், எடுத்த தேதி, ஒளி வந்த திசை, கறுப்பு வெள்ளைக்கு மாற்றப்பட்டது, கான்ட்ராஸ்ட் கூட்டப்பட்டது, எழுத்துகளின் மேல் எதுவும் வரையப்படவில்லை என்ற அளவில் இரண்டு வரி போதும். படத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோல் வரும்படி எடுத்தால் இன்னும் நல்லது. பாறையைத் தொடாமல் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு மாணவர் போதும். திருத்தாத ரா கோப்புகளைத் தனியாக ஒரு வன்தட்டில் எடுத்து வையுங்கள். பின்னாளில் யாராவது வாசிப்பைச் சரிபார்க்க விரும்பினால் அவர்களுக்குத் தேவைப்படுவது அந்தக் கோப்புகள்தான்.


மாசிவீதி_லேப்:

குறிப்பைப் படத்துக்குள் எழுதாமல் கீழே வெள்ளை ஓரம் விட்டு அதில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தையும் சேர்த்து 12×18 வருமாறு கோப்பைத் தயாரித்தால் இயந்திரம் வெட்டாது. முதலில் ஒரே ஒரு படத்தை மூன்று துண்டாக, கூர்மை குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வைத்து 4×6 தாளில் சோதனை அச்சு எடுத்துப் பாருங்கள். அதைச் சுவரில் ஒட்டி, மாணவர்கள் நிற்கும் தூரத்தில் நின்று பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றவற்றை அனுப்புங்கள்.